"எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" என்ற கேள்விக்கு அப்புறம்

சென்னையில் எந்தச் சபைக்குப் புதிதாகப் போனாலும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பிரதர், எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" வருஷம் சொல்ல வேண்டும், தேதியும் ஞாபகம் இருந்தால் கேட்டவருக்குச் சந்தோஷம். அந்தக் கேள்வியில் தவறு இல்லை. மனந்திரும்பிய நாள் ஒன்று பலருக்கும் இருக்கிறது, அதற்காகத் தேவனைத் துதிக்கத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம், அந்தத் தேதியைச் சொன்னதோடு பேச்சு முடிந்துவிடுகிறதே என்பதுதான். "இப்போ எப்படி இரட்சிக்கப்பட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

வேதம் அப்படிக் கேட்கிறது. எபேசியர் 2:8-ஐத் திறந்தால் "இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று இருக்கிறது, இறந்தகாலம். 1 கொரிந்தியர் 1:18-ல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்று நிகழ்காலம். ரோமர் 5:10-ல் "இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே" என்று வரப்போவது. நீதிமானாக்கப்பட்டது, அதாவது தேவன் நம்மை மன்னித்து ஏற்றுக்கொண்டது, ஒரு நாள் நடந்தது. பரிசுத்தமாக்கப்படுவது, அதாவது நம் குணம் மாறுவது, இன்றைக்கு நடக்கிறது. மகிமைப்படுவது, அதாவது மரணத்துக்கு அப்பால் முழுமையடைவது, இனி நடக்கும். மூன்றும் ஒரே கிருபையின் வேலை. நாம் முதலாவதைப் பிடித்துக்கொண்டு சாட்சி சொல்கிறோம், மூன்றாவதை அடக்க ஆராதனையில் பாடுகிறோம். நடுவில் இருக்கிற, நாம் உயிரோடு நடமாடுகிற இந்த நாட்களுக்கான இரட்சிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த நடுப்பகுதிக்கு இயேசு வைத்த பெயர் லூக்கா 9:23-ல் இருக்கிறது. "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு." இதே வசனம் மத்தேயு 16:24-லும் மாற்கு 8:34-லும் உண்டு, ஆனால் "அநுதினமும்" என்ற சொல் லூக்காவில் மட்டும்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே லூக்காவின் வசனத்தை மனப்பாடம் செய்யலாம்.

"வெறுத்து" என்பதில்தான் தமிழ் வாசகர் தடுக்கி விழுகிறார். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கிற சொல்லுக்கு மறுதலிப்பது, அதாவது தெரியாது என்று மறுத்துவிடுவது, என்று பொருள். லூக்கா 22:57-ல் இயேசுவின் சீஷன் பேதுரு, அவர் பிடிபட்ட ராத்திரி முற்றத்தில் நெருப்பருகே உட்கார்ந்து "அறியேன்" என்று சொன்னபோது வருவதும் அதே சொல்தான். (14:26-ல் தகப்பன், தாய் பற்றி வருகிற "வெறுக்க" என்பதற்கு மூலத்தில் வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆகவே தன்னை வெறுத்தல் என்றால், பேதுரு ஆண்டவரைப் பற்றிச் சொன்னதை நான் என் சுயத்தைப் பார்த்துச் சொல்வது: உன்னை எனக்குத் தெரியாது, உன் அதிகாரம் இங்கே செல்லாது. "நான் ஒரு புழு, ஒன்றுக்கும் உதவாதவன்" என்று நாள் முழுக்கப் புலம்புகிறவர் சுயத்தை மறுதலிக்கவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை அவர் நினைப்பில் இருப்பதே அவருடைய சுயம்தான்.

சரி, நடைமுறையில் எப்படி?

ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். அதில் ஆளும் நேரமும் இடமும் தெளிவாக இருக்க வேண்டும். "இன்று பொறுமையாக இருப்பேன்" என்று ஜெபித்தால், செய்தோமா இல்லையா என்று ராத்திரி பார்க்க வழியில்லை. "மதியம் மீட்டிங்கில் அந்த ரிப்போர்ட்டைப் பாராட்டினால், பாதி வேலை ஜூனியர் பையன் செய்தது என்று அவன் பேரைச் சொல்வேன்" என்றால், செய்தோமா இல்லையா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். இதைத் தீர்மானிக்க 15 நிமிடம் போதும்: ஒரு சுவிசேஷப் பகுதி, அதன்மேல் ஜெபம், அன்றைக்கு நம் சுயம் எங்கே தலைதூக்கும் என்று ஒரு நோட்டம். போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். அலாரத்துக்காகத் தலையணைப் பக்கத்தில் வைத்தால், அலாரத்தை நிறுத்தின விரல் அப்படியே வாட்ஸப்புக்குப் போய்விடும். அதற்கப்புறம் அந்த 15 நிமிடம் கிடைக்காது. அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

இது காலை 4 மணிக்கே நடக்க வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு விடியல் என்பது மாலை 4 மணி. பால் பாக்கெட் எடுத்து, தண்ணீர் பிடித்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிற அம்மாவுக்கு வீடு அடங்குவதே 9:30-க்குத்தான். இயேசு அதிகாலையில் இருட்டோடே ஜெபித்தார் (மாற்கு 1:35), ராமுழுதும் ஜெபித்தார் (லூக்கா 6:12). எந்த நேரம் என்பதைவிட, தினம் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம்.

சுயம் எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். அடுக்குமாடி வீடு. மோட்டார் போட்டவர் அணைக்க மறந்துவிட்டார். மேல்தொட்டி நிரம்பி, மாடிப்படி வழியாகத் தண்ணீர் வழிகிறது, கீழே சம்ப் காலி. கோடைக்காலம், அடுத்த லாரி எப்போது வரும் என்று தெரியாது. எதிர்வீட்டுக்காரர் கத்துகிறார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான்தான் மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க." அங்கேயே நிறுத்த வேண்டும். ஆனால் வாய் அடுத்த சொல்லுக்குத் தயாராகிவிடும்: "ஆனா..." ஆனா போன வாரம் நீங்க மறந்தீங்களே. ஆனா எனக்கு ஆபீஸ் போன் வந்தது. சிலுவையிலிருந்து இறங்கி வருகிற சுயத்துக்கு அந்த "ஆனா"தான் ஏணி. இப்படி ஒரு நாளைக்கு நிச்சயம் இந்தச் சந்தர்ப்பம் வரும். அன்றைய காரியமாக "மன்னிப்புக் கேட்டால் 'ஆனா' சொல்ல மாட்டேன்" என்று ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். 40 நாள் கறி விடுவதைவிட இது கடினம்.

கறி என்றதும் ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து ஞாபகம் வரும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள். 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40, ஏனென்றால் ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள். அந்த நாட்களில் உபவாசம் எடுக்கிறவர்களுக்கு உடம்பு சார்ந்த சில விஷயங்கள். முதல் தடவை என்றால் காலை, மதியம் இரண்டு வேளையை விட்டு மாலை 6 மணிக்கு முடியுங்கள். தண்ணீரை விடாதீர்கள், நம்ம ஊர் வெயிலில் அது ஆபத்து. பலருக்கு 11 மணிக்கு வருகிற தலைவலி பெரும்பாலும் காபி நின்றதால் வருவது. சாத்தான் சோதிக்கிறான் என்று பயப்படாமல், மூன்று நாள் முன்பிருந்தே காபியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். முடிக்கும்போது கஞ்சியோ இட்லியோ போதும், நேரே பிரியாணிக்குப் போனால் வயிறு படுத்திவிடும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசிக்கவே கூடாது. சுகர் இறங்கி மயங்கி விழுவதில் பக்தி எதுவும் இல்லை.

அன்றைய மதியச் சாப்பாட்டுக் காசை ஒரு கவரில் போட்டுப் பசித்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஏசாயா 58 கேட்கிற உபவாசம் அது. அதே அதிகாரத்தில், உபவாச நாளில் வேலைக்காரரை வாட்டுகிறவர்களையும் தேவன் கண்டிக்கிறார். நம் வீடுகளில் உபவாச நாளன்று பாத்திரம் தேய்க்க வருகிற அக்காமேல் எரிந்து விழுகிறோமே, அந்தக் கோபத்தைப் பசி உண்டாக்கவில்லை. தினமும் மூன்று வேளை சோறு அதை மூடி வைத்திருந்தது. உபவாசத்தின் உண்மையான பயன் இந்த மூடி திறப்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்லி அழுகிற சகோதரியிடம் "அது உன் சிலுவைம்மா, சுமந்துக்கோ" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். சிலுவை என்பது ஒருவன் இயேசுவைப் பின்பற்ற விரும்பித் தானே எடுத்துக்கொள்வது. இன்னொருத்தன் தன் பாவத்தை அவள் முதுகில் இறக்கி வைப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. நாசரேத்தூரார் செங்குத்தான மேட்டிலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். அப்போஸ்தலன் பவுலைக் கொல்லக் காத்திருந்தபோது, அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள், அவரும் இறங்கிப் போனார். சவுக்கால் அடிக்கக் கட்டினபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேட்டார். அந்தச் சகோதரிக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், கூடப் போங்கள். சுயத்தை வெறுக்க வேண்டியவன் அடிக்கிறவன்தான்.

இதெல்லாம் கிரியையினால் இரட்சிப்பு, அதாவது நம் செயல்களால் இரட்சிப்பைச் சம்பாதிப்பது, ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். பிலிப்பியர் 2:12 "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறது. அங்கேயே நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம். 13-ஆம் வசனத்தில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணம் வருகிறது. கிருபையினாலே மட்டும் இரட்சிப்பு என்று நின்ற சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே, 1517-இல் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதிலேயே விசுவாசியின் வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார். 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், ஞானஸ்நானத்தின் அர்த்தமாக, பழைய ஆதாம், அதாவது நம் பழைய பாவ சுபாவம், தினந்தோறும் மூழ்கடிக்கப்பட வேண்டும் என்றார். தண்ணீரில் இறங்கியது ஒரு தடவை, மூழ்கடிப்பது தினமும்.

ராத்திரி படுக்கும் முன் மூன்று நிமிடம். அன்றைய ஒரு காரியம் நடந்ததா? நடந்திருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அதை மறந்துவிடுங்கள், சாட்சிக்காகச் சேர்த்து வைக்க வேண்டாம். தோற்றிருந்தால் பேர் சொல்லி ஒரு தடவை அறிக்கையிடுங்கள், அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ நம்பித் தூங்குங்கள். "இன்று விட்டதற்கு நாளைக்கு இரண்டாகச் செய்கிறேன்" என்று அபராதம் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படித் தொடங்குகிறவர்கள் நாலே நாளில் கணக்கு ஏறி, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவான மன்னா, தினமும் தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர் அளவு, அந்தந்த நாளுக்கு மட்டும். காலை வரை மீதி வைத்ததில் புழு பிடித்தது. நாளைக்கு யாரிடம், எங்கே என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, காலையில் வாசிக்கப்போகிற பக்கத்தில் செருகி வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.