கக்கின பிள்ளை தக்குமாம். பெத்தவ?

இனி ஒருத்தர் என்கிட்ட வந்து "கக்கின பிள்ளை தக்கும்"னு சொன்னா, புள்ளையை அவங்க தோள்ல சாத்திட்டு, கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கப் போயிடுவேன். சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு முதுகுல வெதுவெதுப்பா ஒண்ணு வழியும்போது தெரியும், தக்கறது யாரு, தள்ளாடறது யாருன்னு.

பத்து வாரக் குழந்தை. குடிச்ச உடனே கக்குது. அரை மணி கழிச்சு, திரிதிரியாக் கக்குது. சிரிச்சா கக்குது, விக்கல் எடுத்தா கக்குது, டயப்பர் மாத்தக் காலைத் தூக்கினா கக்குது. துவைச்ச சட்டை போட்டுவிட்டா, அதுக்குன்னே காத்திருந்த மாதிரி, கடைசிப் பட்டனை மாட்டறதுக்குள்ள கக்குது. அது கழுத்து மடிப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு ரெண்டு மணி நேரத்துல புளிச்ச வாடை அடிக்குது. காதுக்குப் பின்னாடி, மெத்தை விளிம்புல, என் தலைமுடியில. நேத்து எங்கேயோ வாடை வருதேன்னு வீடு முழுக்கத் தேடினேன். புள்ள பக்கத்து ரூம்ல தூங்குது. வாடை என்கிட்ட இருந்துதான்.

ஆனா என் கோபம் துணி மேல இல்ல. துவைச்சா போகுது. கோபம், ஆளாளுக்கு என் பாலுக்குத் தீர்ப்பு எழுதறாங்களே, அதுதான்.

"பால் கெட்டியா இருக்கு, அதான் செரிக்கல"ன்னாங்க அம்மா. கால் மணி நேரம்கூட ஆகல, "பால் தண்ணியா இருக்கும்மா, அதான் வயித்துல நிக்கல"ன்னாங்க மாமியார். ரெண்டு பேரும் ஒரே சோபாவுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுக்கவும் இல்ல, ஆமா ஆமான்னு தலையாட்டிக்கறாங்க! சம்பந்தி ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்: கெட்டியோ தண்ணியோ, குத்தம் என் மார்ல. வீடியோ கால்ல வந்த சித்தி ஒரு படி மேல. "பேசாம பவுடர் பால் குடுத்துப் பாரேன், நிக்கும்." ஏன் சித்தி, பவுடர் பால் குடிக்கற குழந்தைங்க கக்கறதே இல்லையா?

விஷயம் பால்லயே இல்லைங்க. உணவுக்குழாய் இரைப்பையில போய்ச் சேருற இடத்துல ஒரு தசை வளையம் இருக்கு. விழுங்கும்போது திறக்கணும், அப்புறம் மூடிக்கணும். பச்சைக் குழந்தைக்கு அது இன்னும் பழகல, நினைச்ச நேரத்துல தானாத் தளர்ந்துடுது. குழாயும் குட்டை. உள்ள போறது முழுக்கத் திரவம். புள்ளையோ நாள் முழுக்கப் படுத்தே கிடக்குது. மூடியைச் சரியாத் திருகாத பாட்டிலைப் படுக்கப் போட்டா என்ன ஆகுமோ அதுதான் ஆகுது. பாட்டிலுக்குள்ள எதை ஊத்தினாலும் வழியத்தான் செய்யும். சொல்லப்போனா தாய்ப்பால் பவுடர் பாலை விட வேகமா இரைப்பையை விட்டு இறங்கிடும். அப்ப எதை மாத்தச் சொல்றீங்க? மூடியையா, என்னையா?

நூறு குழந்தையில நாப்பதுக்காவது இது இருக்காம். பெரும்பாலும் பிறந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு, நாலு மாசம் வாக்குல உச்சத்துக்குப் போய், ஒரு வயசுக்குள்ள பத்துல ஒன்பது குழந்தைக்குத் தானா நின்னுடுமாம். இதைப் படிச்சதும் எனக்கு நிம்மதி வந்திருக்கணும். வரல. என் புள்ளைக்கு ரெண்டரை மாசம்தான் ஆகுது. அப்ப இவ்வளவு நாள் நான் பார்த்தது வெறும் முன்னோட்டமா?

டாக்டர்கிட்டயும் போனோம். தராசுல போட்டாங்க. "வெயிட் ஏறுதுல்ல? அப்ப ஒண்ணுமில்லம்மா, சாதாரணம்." நாலு நிமிஷம். அடுத்த டோக்கன். அவங்க சொன்னது தப்பில்ல. எடை ஏறுது, மூத்திரம் நல்லாப் போகுது, கக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குதுன்னா அது நோய் இல்லதான். ஆனா "ஒண்ணுமில்ல"ங்கற அந்த வார்த்தை புள்ளைக்குச் சரி. என்னைப் பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரியா இருந்துச்சு? சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போயிருந்தேன், அது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது.

அதோட, எது சாதாரணம் இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கலாமே! நானே தோண்டித் துருவித் தெரிஞ்சுக்கிட்டேன். பச்சை நிறத்துல கக்கினா காத்திருக்காம ஓடணும். ரத்தமோ, காபித்தூள் மாதிரியோ வந்தாலும் அப்படித்தான். முதல் ரெண்டு மாசத்துல ஒவ்வொரு தடவை குடிச்சதும் தூரப் பாய்ஞ்சு பீச்சி அடிச்சா, அது இரைப்பையோட கீழ்வாய் இறுகிப்போனதா இருக்கலாம், ஆபரேஷன் வரைக்கும் போற விஷயம். எடை ஏறலைன்னா, பாலே வேண்டாம்னு முதுகை வில்லா வளைச்சு அழுதா, ஈர டயப்பர் குறைஞ்சா, காய்ச்சல் இருந்தா, வயிறு உப்பிக் கல்லா இருந்தா, ஆறு மாசத்துக்கு மேல புதுசா ஆரம்பிச்சா, காட்டியே ஆகணும். மலத்துல ரத்தம், தோல்ல தடிப்பு எல்லாம் சேர்ந்து வந்தா மாட்டுப்பால் புரதம் ஒத்துக்காததா இருக்கலாம். அப்ப மட்டும்தான் தாய் சாப்பிடறதுல கை வைக்கணும், அதுவும் டாக்டர் சொல்லி, சில வாரம் நிறுத்திப் பார்க்கறதுக்கு. ஏழு வரி. ஒரு துண்டுச் சீட்டுல அடிச்சுக் குடுக்க முடியாதா? நான் அதுவரைக்கும் ஒவ்வொரு கக்கலையும் போன் வெளிச்சத்துல குனிஞ்சு நிறம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

எவ்வளவு கக்குதுங்கற பயம் வேற. குடிச்சது அத்தனையும் வெளிய வந்துடுச்சுன்னு தோணும். ஒரு ராத்திரி வெறுத்துப்போய் ஒரு பெரிய கரண்டியில 15 மில்லி தண்ணி எடுத்துத் துண்டு மேல ஊத்திப் பார்த்தேன். அம்மாடி, என்ன பெரிய வட்டம்! புள்ள கக்கின வட்டம் அதை விடச் சின்னது. அன்னைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டியும் துண்டுமா உக்காந்திருந்த என்னைப் பார்த்து வீட்டுக்காரருக்கு மூச்சு நின்னுருக்கும், அது வேற கதை.

உருப்படியா உதவினது ஒரே ஒருத்தர். தாய்ப்பால் ஆலோசனை சொல்ற நர்ஸ் அக்கா. அவங்க புள்ளையைப் பார்க்கல, என் பாலைப் பத்திப் பேசல. "பால் குடுங்க, பார்க்கறேன்"னு எதிர்ல உக்காந்தாங்க. இருபது நிமிஷம். ரெண்டரை மாசத்துல என்னை உக்கார வச்சுப் பார்த்த முதல் மனுஷி. பால் இறங்கற முதல் வேகத்துல அது பீச்சி அடிக்குது, புள்ள மடக்மடக்னு காத்தையும் சேர்த்து விழுங்கித் திணறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த முதல் பீச்சலைத் துணியில விட்டுட்டு அப்புறம் வாயில வைக்கச் சொன்னாங்க. நான் நல்லாச் சாய்ஞ்சுக்கிட்டுப் புள்ளையை என் மேல கவுத்துப் போட்டுக் குடுத்தா, பால் மேல் நோக்கி ஏறணும், வேகம் தணியும். ஒரு பக்கம் முழுசாக் குடிச்சு முடிக்கற வரைக்கும் மறுபக்கம் மாத்த வேண்டாம். குடிச்சதும் இடுப்பை மடக்கி உக்கார வச்சு வயித்தை அமுக்காதீங்க, டயப்பரை இறுக்காதீங்க. அவ்வளவுதான். கக்கறது நிக்கல. ஆனா குறைஞ்சுது, திணறல் நின்னுது. இதைக் கர்ப்பத்துலயே ஒருத்தர் சொல்லியிருந்தா என்ன? தொட்டில் என்ன கலர் வாங்கப் போறேன்னு ஒன்பது மாசம் கேட்டாங்க எல்லாரும்.

அப்புறம் விளம்பரக்காரங்க. நான் ஒரு தடவை தேடினதுதான், போனைத் திறந்தாலே சாய்வுத் தலகாணி, சாய்வுத் தொட்டில். தலைப்பக்கம் உயர்த்தித் தூங்க வச்சா கக்காதாம். கக்கறது குறையாதுங்கறது ஒரு பக்கம். தூக்கத்துல புள்ள சரிஞ்சு, தாடை நெஞ்சுல முட்டி மூச்சே அடைச்சுக்கலாம். அந்த மாதிரி சாய்வுப் படுக்கைகள்ல குழந்தைங்க செத்து, அமெரிக்காவுல 2022-ல சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்க. கக்கற குழந்தையும் சமதளத்துல மல்லாக்கத்தான் தூங்கணும். "மல்லாக்கப் போட்டா புரையேறிடும்டி"ன்னு அம்மா அலர்றாங்க. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேல, உணவுக்குழாய் கீழம்மா. கவுந்து படுத்தாத்தான் மேல இருந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் வழியும். படம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்துட்டு, "பால் தண்ணியா இருந்தா அப்படித்தான்"னுட்டாங்க.

மருந்து குடுத்தா என்னன்னு கேக்கறவங்களுக்கு: 2009-ல வெளிவந்த ஒரு ஆய்வுல 162 குழந்தைங்களுக்குப் பாதிக்குப் பாதி, ஒரு பக்கம் அமிலம் குறைக்கற லான்சோபிரசோல், மறுபக்கம் மருந்தே இல்லாத வெறும் போலி மருந்து. ரெண்டு பக்கமும் 54 சதவீதக் குழந்தைங்களுக்கு அழுகை குறைஞ்சுது. அச்சா ஒரே எண்ணிக்கை. நெஞ்சுத் தொற்று மாதிரி கடுமையான பாதிப்பு மட்டும் மருந்துப் பக்கம் அதிகம். நிஜமாவே உணவுக்குழாய் புண்ணாகிப்போன குழந்தைக்கு அந்த மருந்து வேணும், என் புள்ளைக்கு வேணாம். பாலைப் பீச்சி எடுத்துத் தானிய மாவு கலந்து கெட்டியாக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. தாய்ப்பால்ல இருக்கற நொதியே அந்த மாவைக் கரைச்சுத் தண்ணியாக்கிடும். என் பால் உங்க எல்லாரையும் விடப் புத்திசாலி.

சரி, மருந்தும் இல்ல, தலகாணியும் இல்ல. மிச்சம் இருக்கறது ஒண்ணு: "குடிச்சதும் அரை மணி நேரம் நிமிர்த்தித் தோள்ல வச்சுக்கோங்க." எல்லாரும் சொல்றாங்க. என்னமோ சட்டைப் பையில அரை மணி நேரம் சில்லறையாக் கிடக்கற மாதிரி சொல்றாங்க. கணக்குப் போட்டீங்களா யாராவது? நான் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை குடிக்குது. குடிக்க 25 நிமிஷம், நிமிர்த்தி வைக்க 30. பத்தால பெருக்குங்க. 550 நிமிஷம். ஒன்பது மணி பத்து நிமிஷம். இதுல ஏப்பம் வர்ற வரைக்கும் தட்டினது இல்ல, துடைச்சது இல்ல, துணி மாத்தினது இல்ல, மாத்தினதும் மறுபடி கக்கினது இல்ல. ஒரு முழுநேர வேலை, ஞாயித்துக்கிழமை லீவு இல்லாம. அதுல நாலு தடவை ராத்திரியில. உக்காந்தே தூங்கிடுவேனோன்னு பயம் வேற. சோபாவுல புள்ளையோட கண்ணசந்தா எவ்வளவு ஆபத்துன்னு அதையும் படிச்சுத் தொலைச்சுட்டேன்.

இவ்வளவு நாளும் அந்த 550-ம் என் தலையில. ஏன்? "பால் நீதானே குடுக்கணும், நான் என்ன பண்ண முடியும்?" வீட்டுக்காரர் கேட்டது. பாவம், நல்ல மனுஷன்தான், நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். பால் குடுக்க மார் என்கிட்ட மட்டும்தான் இருக்கு, ஒத்துக்கறேன். தோள் உங்களுக்கும் ரெண்டு இருக்கே?

நேத்து ராத்திரி ரெண்டே முக்காலுக்குக் குடுத்து முடிச்சதும் அவரை எழுப்பித் தோள்ல போட்டுட்டேன். "எவ்வளவு நேரம்?"னாரு. அரை மணின்னேன். படுத்தேன். முதுகு மெத்தையில பட்டதும் எலும்பெல்லாம் அவுந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. இருட்டுல தட்டற சத்தம், அப்புறம் "ஏய்... ஏய், கக்கிடுச்சு!" துண்டு பக்கத்துலதான் இருக்குன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் மெதுவா, "ஆயிடுச்சுல்ல அரை மணி?"

போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு நிமிஷம் ஆகியிருந்துச்சு. இன்னும் 24 இருக்குன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்.