காலிக் கட்டம் என்றால் வைரஸ் இல்லை என்றா அர்த்தம்?
'விரியான்' போன்ற திறந்த தரவுத்தளத்தில் ஒரு விலங்குக்கு நேரே ஒரு வைரஸின் பெயர் இல்லையென்றால் அது அந்த விலங்கைத் தொற்றாது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. முதுகெலும்பிகளுக்கும் வைரஸ்களுக்குமான 20,000க்கும் மேற்பட்ட தொடர்புகள் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் யாராவது மாதிரி எடுத்துச் சோதித்தால்தானே அது பட்டியலுக்குப் போகும்? நான் மன்னார்குடிப் பக்கம். போன சித்திரையில் எங்கள் வீட்டுக் கோழிகள் ஏழு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு இரண்டே நாளில் செத்தன. வெள்ளைக்கழிச்சல் என்று ஊரே சொன்னது. அம்மா வாய்க்கால் மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார், அவ்வளவுதான். சரி, கோழிக்காவது அது உலகறிந்த வைரஸ் நோய். அறுவடை முடிந்த வயலில் மேய வரும் வாத்துகளையும், அதே தண்ணீரில் இறங்கும் கொக்கு நாரைகளையும் யார் சோதித்தார்கள்? மேலே கருத்து எழுதிய ஒருவர் 'பட்டியலில் இருந்தாலே அந்த விலங்கு ஆபத்து' என்கிறார். அதுவும் அப்படியில்லை. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது, பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனையில் வைரஸின் மரபணு தெரிந்தது, வைரஸையே பிரித்தெடுத்தது என மூன்றும் ஒரே எடையுள்ள சான்றா என்ன? எந்த முறையில் கண்டார்கள் என்பதையும் விரியானில் தனியாகக் குறித்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டுப் பயப்படலாம்.