ஏஆர் டீம்ல இருந்து ஒரு புலம்பல்

புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் நேத்து கேட்டான், "அண்ணா, ஏஆர்னா ஆக்மென்டட் ரியாலிட்டி தானே?"ன்னு. பன்னெண்டு வருஷமா அனலிஸ்ட் ரிலேஷன்ஸ் பாக்குறேன், எங்க வீட்லயும் இன்னும் அப்படித்தான் நெனச்சுகிட்டு இருக்காங்க.

கார்ட்னர், ஃபாரஸ்டர், ஐடிசி மாதிரி இடங்கள்ல எந்த சாஃப்ட்வேர் தேறும் எது தேறாதுன்னு எழுதுறாங்கல்ல, அந்த அனலிஸ்டுகளுக்கும் நம்ம கம்பெனிக்கும் நடுவுல ஓடுறதுதான் எங்க பொழப்பு. அவங்க ரிப்போர்ட்டெல்லாம் பெரும்பாலும் காசு குடுத்தாதான் படிக்க முடியும். அப்படிப்பட்ட ஆளுங்க ட்விட்டர்லயும் ப்ளாக்லயும் சும்மாவே கருத்து சொல்ல ஆரம்பிச்சப்ப அவங்க முதலாளிங்களுக்கே உதறல் எடுத்துச்சு. 2010ல ஃபாரஸ்டர் தன் அனலிஸ்டுகள்கிட்ட, நீங்க கவர் பண்ற சப்ஜெக்ட் பத்தி சொந்த ப்ளாக்ல எழுதாதீங்க, கம்பெனி ப்ளாக்ல எழுதுங்கன்னு சொல்லிடுச்சு. அதுக்குள்ள சார்லீன் லி, ஜெரமையா ஓயாங், ரே வாங்னு அங்க இருந்த பேர் போன அனலிஸ்டுகள் எல்லாம் வெளிய போயாச்சு. கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு, விக்கிற சரக்க வாசல்ல வெச்சு ஓசில குடுத்தா கடை எப்படி ஓடும்? ஆனா ரெட்மாங்க்னு இன்னொரு அனலிஸ்ட் கம்பெனி 2002லேர்ந்து எழுதுறத பெரும்பாலும் ஓப்பனாதான் வெச்சிருக்காங்க, கடைய ஒண்ணும் சாத்தல.

அனலிஸ்ட் சும்மா போடுற ஒரு ட்வீட் என்ன பண்ணும்னு நம்மூர் ஆளுங்களுக்கு நல்லா புரியணும்னா 2011 ஃப்ரெஷ்டெஸ்க் சண்டைய நெனச்சு பாருங்க. சென்னைல அப்பதான் தொடங்கின, கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேர் விக்கிற குட்டி கம்பெனி, ஒரு கிளவுட் அனலிஸ்ட் ட்விட்டர்ல இவங்கள சீண்ட, போட்டி கம்பெனி ஜென்டெஸ்க்கோட தலைவரும் வந்து காப்பிங்கற மாதிரி சொல்ல, ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்ச கிரீஷ் மாத்ருபூதம் அதுக்குன்னே தனியா ஒரு வெப்சைட் போட்டு பதில் குடுத்தாரு. பெத்த விளம்பரம்! பேர் தெரியாத கம்பெனி பேர் ஊரெல்லாம் தெரிஞ்சுச்சு. 2021ல அதே கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸா நாஸ்டாக்ல ஏறுச்சு (ட்வீட்டாலதான் ஏறுச்சுன்னு சொல்லல, கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க).

என் கடுப்பு என்னன்னா இவ்ளோ வருஷம் ஆகியும் பல ஏஆர் டீம்களுக்கு சோஷியல் மீடியான்னா நோட்டீஸ் ஒட்டுற செவுரு மட்டும்தான். மேஜிக் குவாட்ரன்ட் (கம்பெனிகள நாலு கட்டத்துல தரம் பிரிச்சு கார்ட்னர் போடுற படம்) வந்த அன்னிக்கு மார்க்கெட்டிங்ல யாராவது பர்மிஷன் வாங்காம அந்தப் படத்த லிங்க்ட்இன்ல தூக்கி போட்டுருவாங்க, கார்ட்னர்கிட்ட திட்டு வாங்குறது நாங்க. ஆனா அதே லிங்க்ட்இன்ல அந்த அனலிஸ்ட் என்ன எழுதுறாங்கன்னு படிக்கிறதுக்கு யாருக்கும் நேரமில்ல.

முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு ப்ரீஃபிங், அதாவது ஒரு அனலிஸ்ட் அம்மாவுக்கு நம்ம சரக்க விளக்குற மீட்டிங். நாப்பது ஸ்லைடு, ஃபுல்லா ஏஐ. முதல் ஸ்லைடு முடியல, அந்தம்மா கேட்டாங்க, "உங்க ப்ரைசிங் ஏன் கஸ்டமருக்கே புரிய மாட்டேங்குது?" எங்க ஆளுங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்குறாங்க. முடிஞ்சப்புறம் போய் பாத்தா மூணு வாரமா அவங்க லிங்க்ட்இன்ல அதையேதான் எழுதிகிட்டு இருந்திருக்காங்க, எங்க போட்டி கம்பெனிக்காரன் கீழ போய் பொறுமையா பதிலும் சொல்லியிருக்கான்! ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும், மனசுல அபிப்ராயம் உருவாகுறது இந்த மாதிரி சில்லறை பதிவுகள்லதான்.

அன்னிக்கே எங்க எக்செல்ல அனலிஸ்ட் பேருக்குப் பக்கத்துல 'இந்த வாரம் என்ன எழுதினாங்க'ன்னு ஒரு கட்டம் சேர்த்தேன். மேனேஜர் பாத்துட்டு கேட்டாரு, "நல்லாருக்குப்பா, இதுல நமக்கு எத்தனை லைக் வந்துச்சுன்னு எங்க போடுறது?"