குத்து விழுந்த காசு கெட்டுப்போன காசு இல்ல

பழைய அமெரிக்க செப்புக் காசு ஒண்ணுல மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்த முத்திரை குத்தியிருந்தா ரெண்டு விதமான பேச்சு கெளம்பும். "யாரோ குத்திக் கெடுத்துட்டாங்க, தேறாது"ன்னு ஒருத்தர் சொல்வார். "ப்ரீமேசன் ரகசிய காசு, லட்சக்கணக்குல போகும்"னு இன்னொருத்தர் சொல்வார். ப்ரீமேசன்ங்கிறது பழைய சகோதர சங்கம் ஒண்ணு, மூலைமட்டமும் கவராயமும் அவங்க சின்னம். எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம் வரும், அதுலயும் ரகசியம்னு கதை கட்டி விக்கிறவங்க மேல ரொம்பவே வரும்.

1793லேர்ந்து 1857 வரைக்கும் அமெரிக்கால அடிச்ச லார்ஜ் சென்ட் நல்ல பெரிய காசு, சுமார் 28 மில்லிமீட்டர் அகலம், இப்போ உள்ள சென்ட் 19 தான். மெத்துன்னு இருக்க செம்பு, முத்திரை நல்லா பதியும். துப்பாக்கி செய்றவர், வெள்ளி வேலைக்காரர், கொல்லர்னு பேர் பொறிச்ச பஞ்ச், அதாவது சுத்தியலால அடிச்சு முத்திரை பதிக்கிற உளி, வச்சிருந்தவங்க எல்லாம் அதுல அடிச்சிருக்காங்க, கடை விளம்பரமாவும் சுத்த விட்டிருக்காங்க. இங்கிலாந்துல எட்வர்ட் லாயிட் தன்னோட வாரப் பத்திரிகை பேர செப்புக் காசுல அடிச்சு விட்டு, காசுல குத்தக்கூடாதுன்னு 1853ல சட்டமே வந்துச்சு.

சங்கக் குறியெல்லாம் இந்தப் பழக்கத்தோட சேர்ந்ததுதான். ப்ரீமேசன்கள்ல மார்க்னு ஒரு படி இருக்கு, அதுல சேர்றவர் தனக்குன்னு ஒரு குறிய தேர்ந்தெடுத்து சங்கத்துப் பதிவேட்டுல ஏத்தணும், அந்தக் காலத்து கல்தச்சர் தான் செதுக்குன கல்லுல தன் அடையாளத்த போட்டதத்தான் அது பின்பற்றுது. பைபிள்ல மத்தேயு 20ஆம் அதிகாரத்துல திராட்சத்தோட்டத்து ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு காசு கூலி குடுக்குற கதை வருதே, அந்தக் கூலிதான் இவங்க சொல்ற மார்க் பென்னி. பின்னாடி இதுக்குன்னே தனியா டோக்கன் அடிச்சாங்க, ஆனா சிலர் புழக்கத்துல இருந்த லார்ஜ் சென்ட்டையே எடுத்து ஒரு பக்கத்த மழமழன்னு தேய்ச்சு, வளைவோட உச்சிக்கல்லையும் சுத்தி எட்டு எழுத்தையும் பொறிச்சு வச்சிருக்காங்க. எச், டி, டபிள்யூ, எஸ், எஸ், டி, கே, எஸ். இங்கிலீஷ் வார்த்தைகளோட முதல் எழுத்துங்க இது, விதவையோட மகன், தீரு ஊர் ஹீராம், சாலொமோன் ராஜாகிட்ட அனுப்பினான்னு பைபிள் ஆளுங்கள வச்சு விரியும். இது ஊரறிஞ்ச விஷயம்ங்க, இதுல என்ன மர்மம் இருக்கு?

எனக்கு இதவிட மனசுக்கு நெருக்கமானது மூணு சங்கிலி வளையம் குத்துன காசு. ஆட் ஃபெலோஸ் சங்கம், அமெரிக்கால தாமஸ் வைல்டி 1819ல பால்டிமோர்ல ஆரம்பிச்சது. மூணு வளையம்னா நட்பு, அன்பு, உண்மை. நோயாளியப் போய் பாக்கணும், கஷ்டப்படுறவனுக்கு உதவணும், செத்தவன அடக்கம் பண்ணணும், அநாதைப் பிள்ளைய படிக்க வைக்கணும், இதுதான் அவங்க கடமை. அரசாங்கம் எதுவும் தராத காலத்துல ஒரு கூலிக்காரன் படுத்துட்டா அவன் வீட்டுல அடுப்பெரிய இந்த சங்கப் பணம்தான் கைகுடுத்துச்சு. அப்பேர்ப்பட்ட குறிய போய் டேமேஜ்ங்கிறாங்களே.

அரசன் தலை மேலயே பெண்களுக்கு ஓட்டு வேணும்னு குத்துன 1903ஆம் வருஷத்து பென்னிய பிரிட்டிஷ் மியூசியம் பத்திரமா வச்சிருக்கு. அது சரித்திரம்னா இதுவும் சரித்திரம்தான்.

ஆனா ஒண்ணு, வாங்குறவங்க கண்ண தொறந்து வாங்கணும். காசுல 1820ன்னு இருந்தா முத்திரையும் 1820ல குத்துனதுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு அப்புறம் எப்ப வேணா குத்தியிருக்கலாம், போன வாரம் கூட. பள்ளத்துக்குள்ள இருக்க நிறமும் மத்த இடத்து நிறமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, உள்ள மட்டும் பளபளன்னு புதுச் செம்பு தெரிஞ்சா விட்டுடுங்க. முத்திரையோட ஓரம் காசு அளவுக்கு தேஞ்சிருக்கணும். லிங்கன் சென்ட்ல மேசன் குறி குத்துனது ஏகப்பட்டது கிடைக்குது, நினைவுப் பரிசா அடிச்சு விக்கிறது, அதையும் "லிங்கன் ரகசிய மேசன்"னு சொல்லி தலையில கட்டுறாங்க. லிங்கன் மேசனே கிடையாது.

பஞ்ச வச்சு ஓங்கி அடிச்சா பின்னாடி அதே எடத்துல செம்பு கொஞ்சம் தட்டையாகும், அதனால பின்பக்கம் போட்டோ காட்டாம விக்கிறவர்கிட்ட நான் விலையே கேக்க மாட்டேன்.