அந்தச் சுவரைப் பற்றி இன்னும் ஒருமுறை

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் நடந்ததை நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். நிலையத்துச் சுவரில் புதிதாக வரைந்திருக்கும், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்மணியின் ஓவியம் முழுமையாகத் தெரிய வேண்டுமாம். அதற்காக, அதே சுவரோரம் பதினான்கு ஆண்டுகளாக வடை சுட்டு விற்கும் அக்காவை மேசையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். உழைக்கும் பெண்ணைப் போற்றும் படத்துக்காக, அங்கே உழைத்துக்கொண்டிருந்த பெண் அகற்றப்பட்டார். இதிலுள்ள வேடிக்கை யார் கண்ணிலும் படவில்லையா என்ற ஐயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான்: கேட்டிருக்க வேண்டும். வடை அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சுவரில் சாய்ந்து பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஓவியத்துக்குப் பக்கத்திலுள்ள பலகையில் ‘சமூகப் பங்கேற்புக் கலை’ என்ற பொருளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் ஓர் எழுத்து இல்லை. பங்கேற்ற சமூகம் எதுவென்று தெரிந்தால் நானும் போய் நலம் விசாரித்து வருவேன்.

கலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டு இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதிகம் தெரியாது. ஆனால் மியெர்லே லேடர்மன் யூக்கலீஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 1979, 1980ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரின் துப்புரவுப் பணியாளர்கள் சுமார் 8,500 பேரை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி, நகரை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார் என்பது தெரியும். அந்தக் கைகுலுக்கல்தான் அங்கே கலை. நம் ஊருக்கு வந்தவர்கள் பத்து நாள் சாரத்தின் மேல் நின்றார்கள். கீழே வடை அக்கா விற்ற தேநீரைத்தான் குடித்தார்கள். அவர் பெயரையாவது கேட்டார்களா என்று அவரிடமே விசாரித்தேன். ‘காசு சரியா கொடுத்தாங்க தம்பி’ என்றார்.

படம் அழகாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஆனால் திறப்பு விழாவுக்கு நான் அழைத்துச் சென்ற என் அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் பால் வெட்டியவர், வெயிலுக்கு நெற்றியில் கைவைத்து அதைப் பார்த்துவிட்டு, ‘ஏண்டா, வெட்டு மாத்தி இருக்கே, தண்டல் பார்த்தா சும்மா விடுவானா?’ என்று கேட்டார். தண்டல் என்றால் தோட்டத்து வேலையை மேற்பார்ப்பவர். பால்மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வர வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்று வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டு, பால் வடியும் கிண்ணமான மங்கில் பால் நிறையும். சுவரில் இருக்கும் மரத்திலோ வெட்டு வலமிருந்து இடமாக இறங்குகிறது. அம்மாவுக்குப் பின்னால் நின்ற நான்கைந்து கிழவிகளும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஒரு மாதம் முன்பாகச் சாரத்துக்குக் கீழே கேட்டிருக்கலாம். ஒரு குவளை தேநீர்ச் செலவு.

நம் வரலாறு சுவரில் ஏறியதே பெருமை என்று எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கு ஜார்ஜ் டவுன் சுவரில் 2012இல் வரையப்பட்ட சைக்கிள் குழந்தைகளோடு படமெடுக்க நானும் வரிசையில் நின்றிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் நமக்கும் ஒரு சைக்கிள் கதை உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதை வரைய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அதில் யாரும் புன்னகைப்பதில்லை. நம் சுவரில் இருப்பவர் விடியற்காலை ஐந்து மணிக்குத் தீம்பாரில், அதாவது பால்மரக் காட்டில், நின்றுகொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். தலையைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள். என் நினைவில் இருப்பவை கொசுக்கள்.

சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், வியாபாரம் பெருகும் என்ற வாதத்துக்கு வடை அக்காவே பதில் சொல்லட்டும்.

கலையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சபா மாநிலத்து ரானாவில் 2010இல் தொடங்கிய பங்ரோக் சுலாப் குழுவினர் பலகையில் செதுக்கி, மை பூசி, துணியை விரித்து, வந்திருப்பவர்களையே அதன்மேல் மிதித்து ஆடச் சொல்லி அச்செடுப்பார்கள். ஆடியவரின் காலடி அந்தத் துணியில் இருக்கிறது. தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிடும் நம் பெரட்டுக் களத்தில் பறை அடித்து அப்படி ஒன்றைச் செய்திருந்தால் நானே முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

‘குறை சொல்கிறாயே, நீ என்ன உதவினாய்?’ என்று ஒருவர் பொதுவிலேயே கேட்டிருக்கிறார். என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர் அவர். சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், கேட்டதால் சொல்கிறேன். வரைவதற்கு மாதிரி வேண்டும் என்று அவர்கள் சார்பில் ஒருவர் வந்தபோது, அம்மாவின் பால் வெட்டும் உளியையும் இரண்டு மங்குகளையும் கொடுத்தனுப்பியது நான்தான். அப்போது என்னிடம் ஒருவர் வந்து கேட்டாரே என்று நீங்கள் மடக்கலாம். பொருளைக் கேட்டார்கள், அதை எப்படிப் பிடிப்பது என்று கேட்கவில்லை. பக்கத்து அறையில்தான் அம்மா படுத்திருந்தார்.

அந்த உளியை அம்மா எண்ணெய் தடவி, பழைய கைலித் துணியில் சுற்றி, அலமாரி மேல் வைத்திருந்தார். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறி, லயத்து வீட்டை விட்டு வெளியேறிய அன்று அவர் தம் கையில் எடுத்து வந்த பொருள்கள் மூன்று: சாமி படம், அப்பாவின் அடையாள அட்டை, இந்த உளி. பிடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்து பள்ளமே விழுந்திருக்கும். மங்குகள் இரண்டும் திறப்பு விழாவுக்கு மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தன. உளி வரவில்லை. மூன்று முறை செய்தி அனுப்பினேன். முதல் செய்திக்கு மட்டும் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

வடை அக்கா இப்போது பாசாருக்குப் பின்புறம், மீன் கழுவும் தண்ணீர் ஓடும் கால்வாய்ப் பக்கம் மேசை போட்டிருக்கிறார். காலை ஏழு முதல் பத்து வரை இருப்பார். உளி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவரிடம் கொடுத்தாலும் போதும், நான் போய் வாங்கிக்கொள்கிறேன். அம்மா நேற்றிரவும் கேட்டார்.