சான்றோன் என்ற சொல்

வாள் பிடித்தவனுக்கும் ஏடு படித்தவனுக்கும் நம் மரபில் தொடர்பே இல்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

புறநானூற்றின் 72ஆம் பாடலைப் பாடியவனே ஒரு போர்வீரன்தான்: பாண்டிய மன்னன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். சேரனும் சோழனும் வேளிர் எனும் குறுநிலத் தலைவர் ஐவரும் திரண்டு வந்து, "இவன் சிறுவன்" என்று எள்ளியபோது வஞ்சினம் கூறுகிறான். வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும். இரப்பவர்க்குக் கொடுக்க இயலாத வறுமை என்னைச் சேரட்டும். தன் உயிர் போவதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! புலவன் பாடாமல் விடுவதைத் தண்டனையாக எண்ணிய அரசனை, கல்விக்கு அயலானவன் என்று எப்படிச் சொல்வது?

அதே நூலின் 9ஆம் பாடலில் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு தொடுக்கும் முன் பெண்களையும் பிணியுற்றோரையும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளச் சொல்கிறான். அறப்போர் என்பது பின்னாளில் நாம் சூட்டிக்கொண்ட பெருமை அல்ல.

'சான்றோன்' என்ற சொல்லையே பாருங்கள். இன்று நமக்கு அது அறிவும் பண்பும் நிறைந்தவனைக் குறிக்கிறது. பதிற்றுப்பத்து சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை', அதாவது சான்றோர்க்குக் கவசம், என்று அழைக்கும்போது அங்கே சான்றோர் என்பவர் போர்வீரர். புறநானூற்றில் பொன்முடியார் என்ற புலவர் பாடிய பாடலில் தந்தையின் கடமை மகனைச் 'சான்றோன் ஆக்குதல்'. அதற்கு வீரன் என்று பொருள் சொல்வோரும் உண்டு, பண்பாளன் என்போரும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன. சிலம்பம் கற்க வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடல்களையும் சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.