சத்தியம் செய்தவர் பையில் காண்டம் இருக்காது

இரண்டு மாதம் முன்பு ஒரு அண்ணன் போன் செய்து அழுதார். கடலூர்க்காரர், கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண் பெண் இருவர் மீதும் ஈர்ப்பு உள்ளவர். பாண்டிச்சேரி லாட்ஜில் ஒருவரோடு காண்டம் இல்லாமல் இருந்துவிட்டு வந்திருக்கிறார். "எல்லாம் தெரியும் தம்பி. தெரிஞ்சும் செஞ்சிட்டேன்." அவர் பேசியது ஐந்தாவது நாள். ஹெச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடுகிற பெப் மருந்து பற்றியும் அவருக்குத் தெரியும். வெட்கத்தில் அந்த மூன்று நாளும் போய்விட்டது. (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆண்களை விரும்பும் ஆண்களான நம்மில் பலருக்குத் தகவல் பஞ்சமில்லை. களப்பணியாளர்கள் காண்டத்தைக் கையிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். பிறகு ஏன் இப்படி நடக்கிறது? அந்த நேரத்தில் முடிவெடுப்பது மனசு. அந்த மனசைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அண்ணன் சொன்னதைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பாண்டியிலிருந்து திரும்பும்போது, பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியதும் திருவந்திபுரம் தேவநாதசாமி மேல் சத்தியம் செய்வாராம், இனிமேல் போகமாட்டேன் என்று. சத்தியம் செய்தவர் எப்படிக் காண்டம் வாங்கி வைப்பார்? வாங்கினால் மறுபடி போகப் போகிறேன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வெறும் பையோடு இருப்பார். பிறகு ஒரு நாள் தனிமை தாங்காது. தைரியத்துக்கு இரண்டு பெக், அப்புறம் லாட்ஜ். தானாக நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். குற்ற உணர்ச்சி அவரை ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை. தயாராகப் போவதைத்தான் தடுத்தது.

என் கதை வேறு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒருவரை உயிராக நேசித்தேன். பர்ஸில் எப்போதும் ஒரு காண்டம் இருக்கும், தோலில் அதன் வட்டத் தடம்கூடப் பதிந்திருந்தது. ஒரு நாள் எடுத்தபோது அவர் கேட்டார்: "என் மேல நம்பிக்கை இல்லையா?" பேசாமல் உள்ளே வைத்துவிட்டேன். அந்த வாரம்தான் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் "உனக்கு எப்போ?" என்று கேட்கிறார்கள். இந்த உலகத்தில் என்னை முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவரையும் இழந்துவிட்டால்? ஆசையைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அப்புறம் எட்டு மாதம் பரிசோதனைக்குப் போகவில்லை. மஞ்சக்குப்பத்தில் யாராவது சொந்தக்காரர் பார்த்துவிடுவார் என்று பயந்து, வேறு ஊருக்கு பஸ் ஏறினேன். அங்கே பரிசோதனை மையத்தில் இருந்தவர் பேனாவோடு எத்தனை பேர், எப்போது என்று கேட்டார். "படிச்சவங்களே இப்படி பண்றீங்க" என்றார். பொய் சொன்னேன், பெண்தான் என்று. ஹெச்.ஐ.வி. இல்லை என்று வந்தது, அத்தோடு அனுப்பிவிட்டார்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் கொனோரியா, கிளமிடியா போன்ற உடலுறவில் பரவும் தொற்றுகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். உண்மையைச் சொல்லாவிட்டால் அங்கே யார் சோதிப்பார்கள்?

பிறகு இன்னொரு இடத்தில் ஒரு அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. இடுப்பில் இரண்டு பக்கமும் பெனிசிலின் ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் அதை உடம்பில் சுமந்துகொண்டே திரிந்திருப்பேன்.

ஹெச்.ஐ.வி. என்றாலே பலருக்கு இன்னும் பழைய காலத்துப் பயம்தான். மாத்திரையைத் தினமும் சரியாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் பரவாது. 2019ல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வு, ஒருவருக்குத் தொற்று இருந்து மருந்தில் இருக்கும் 782 ஆண் இணைகளைக் கவனித்தது. காண்டம் இல்லாத உறவிலும் அந்தத் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்வது 377ஆம் பிரிவின்படி குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மாதம் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டப்படி, அதிலேயே சொல்லியிருக்கும் சில விதிவிலக்குகள் தவிர, நம் பரிசோதனை முடிவை நம் சம்மதமில்லாமல் யாரும் வெளியே சொல்லக்கூடாது. மனசுக்கு இதெல்லாம் போய்ச் சேர நாளாகிறது, என்ன செய்ய.

ஆலோசகர்களாக வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் என்று கேட்கும் முன் எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். நம் ஆட்களுக்கு: பையில் காண்டம் வைத்திருப்பது பாவத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் இல்லை. "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவரைக் கூட்டிக்கொண்டே ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். இலவசம்தான். போனில் கேட்க ஹெச்.ஐ.வி. உதவி எண் 1097.

அண்ணனோடு நானும் போனேன். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை, மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் ஆலோசகர். வெளியே டீ குடிக்கும்போது, அதுவரை வீட்டில் காண்டம் போட வேண்டுமே, மனைவியிடம் என்ன சொல்வது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உள்ளே திரும்பப் போய் அந்த ஆலோசகரிடமே கேட்டோம். அரை மணி நேரம் பேசினார்கள். வரும் மாதம் மூன்று மாதம் முடிகிறது, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். நானும் லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.